மீன்தொட்டியில் கல் உப்பு போடலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை கொளத்தூரில் கலர் மீன் வாங்கியவர்கள் இந்த வாக்கியத்தைக் கேட்டிருப்பார்கள்: "ஒரு கைப்பிடி கல் உப்பு போட்டு விட்ருங்க சார், ஒண்ணும் ஆகாது." யாருடைய கைப்பிடி, எத்தனை லிட்டர் தொட்டி, உள்ளே என்ன மீன் என்றெல்லாம் கடைக்காரர் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. ஒருநாள் சமையலறைத் தராசில் என் கைப்பிடியை நிறுத்துப் பார்த்தேன்: 62 கிராம். ஏழு வயது மகளுடையது 24. என் கைப்பிடி 20 லிட்டர் தொட்டியில் முழு மருந்து அளவு, 100 லிட்டர் தொட்டியில் பாதி டோஸ்கூட இல்லை. உப்பைப் பற்றி என்னிடம் வரும் கேள்விகளில் பாதி இந்தக் கைப்பிடியில் தொடங்கியவைதான்.

ஆற்றிலும் குளத்திலும் வாழும் மீனுக்கு உப்பு எதற்கு?

உலர்திராட்சையைத் தண்ணீரில் போட்டால் உப்புகிறதல்லவா, நன்னீர் மீனின் நிலைமையும் அதுதான். அதன் ரத்தம் லிட்டருக்கு ஏறக்குறைய 8, 9 கிராம் உப்பு கரைந்த தண்ணீருக்குச் சமம். வெளியே இருக்கும் நல்ல தண்ணீரில் அரை கிராம்கூட இருக்காது. அதனால் செவுள் வழியாகத் தண்ணீர் உள்ளே ஏறிக்கொண்டே இருக்கும், உடம்பிலுள்ள உப்பு வெளியே கசிந்துகொண்டே இருக்கும். மீன் சும்மா மிதப்பது போலத் தெரிந்தாலும், உள்ளே சிறுநீரகம் ஓயாமல் தண்ணீரை இறைத்துக்கொண்டிருக்கிறது. செவுளில் இருக்கும் சில செல்கள், போன உப்பைத் தண்ணீரிலிருந்து பொறுக்கி மறுபடி உள்ளே இழுக்கின்றன.

நலமாக இருக்கும் மீனுக்கு இது அன்றாட வேலை. கவரில் அடைபட்டு ஆறு மணி நேரம் பயணம் செய்த மீனுக்கோ, வலையில் சிக்கிச் செதில் உரிந்த மீனுக்கோ, செவுளில் ஒட்டுண்ணி உட்கார்ந்திருக்கும் மீனுக்கோ தோல் ஓட்டை விழுந்த படகு மாதிரி ஆகிவிடுகிறது. அப்போது தண்ணீரில் லிட்டருக்கு 1 முதல் 3 கிராம் உப்பு இருந்தால் உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசம் குறைகிறது, இறைக்க வேண்டிய வேலையும் குறைகிறது. மீன் ஏற்றி அனுப்பும் பண்ணைக்காரர்கள் கவர் தண்ணீரில் கொஞ்சம் உப்பு சேர்ப்பதும் இதனால்தான். இன்னொரு பயன், மீனைவிடப் பல மடங்கு சிறிய சில ஒட்டுண்ணிகளால் அந்த உப்பைத் தாங்க முடியாது.

அப்படியானால் எப்போதும் கொஞ்சம் உப்பு இருப்பது நல்லதுதானே?

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்பது சாப்பாட்டுக்குச் சொன்னது. மீன்தொட்டிக்கு அதைக் கொண்டுவர வேண்டாம். ஃபிளவர்ஹார்ன் வளர்ப்பவர்கள் பலர் ஒவ்வொரு முறை தண்ணீர் மாற்றும்போதும் உப்பு போடுகிறார்கள். அந்த மீன் முரட்டு மீன், தாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். உப்பு போட்டதால்தான் நன்றாக இருக்கிறது என்பதற்கு அது சாட்சி ஆகாது.

நான் தினசரி உப்புக்கு எதிராளி. தண்ணீரை ஒழுங்காக மாற்றி, ஃபில்டரைச் சரியாக வைத்திருக்கும் தொட்டியில் அதற்கு வேலை இல்லை. மேலும், எப்போதும் கணக்கில்லாமல் போட்டுக்கொண்டே இருப்பவருக்கு, மீனுக்கு நிஜமாகவே உடம்பு சரியில்லாமல் போகும் அன்று தொட்டியில் ஏற்கெனவே எவ்வளவு உப்பு இருக்கிறது என்று தெரியாது. காய்ச்சல் வந்த குழந்தைக்கு ஏற்கெனவே எத்தனை மாத்திரை கொடுத்தோம் என்று தெரியாமல் இன்னொன்று கொடுப்பது போன்ற நிலை அது.

எந்த உப்பு வாங்க வேண்டும்? மீன் கடையில் 'அக்வேரியம் சால்ட்' என்று தனியாக விற்கிறார்களே?

அதுவும் சோடியம் குளோரைடுதான், மளிகைக் கடைக் கல் உப்பும் அதேதான். தூத்துக்குடி, வேதாரண்யம் பக்கம் உப்பளத்தில் விளைந்து ஒரு கிலோ பாக்கெட்டில் வருகிற கல் உப்பையே இத்தனை வருடமாகப் பயன்படுத்துகிறேன். அழகான டப்பாவுக்குக் கொடுக்கும் காசில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கலாம்.

கல் உப்பில் சில சமயம் மண், தூசி இருக்கும். ஒரு மக் தண்ணீரில் கரைத்து ஐந்து நிமிடம் தெளியவிட்டு, அடியில் தங்கும் வண்டலை விட்டுவிட்டு மேல் தண்ணீரை மட்டும் ஊற்றினால் போதும்.

அயோடின் உப்பு மீனைக் கொன்றுவிடும் என்கிறார்களே?

கொல்லாது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நம் ஊர்க் கடை உப்பில் குறைந்தது 15 பிபிஎம், அதாவது கிலோவுக்கு 15 மில்லிகிராம், அயோடின் இருக்க வேண்டும் என்பது விதி. லிட்டருக்கு 3 கிராம் உப்பு போட்டால், அந்தக் கணக்கில் தண்ணீரில் சேரும் அயோடின் லிட்டருக்கு 0.045 மில்லிகிராம். கடல் தண்ணீரில் இயல்பாகவே லிட்டருக்கு 0.06 மில்லிகிராம் அளவில் அயோடின் இருக்கிறது, அதில் மீன்கள் வாழ்ந்துகொண்டுதான் இருக்கின்றன. பொடி உப்பு கட்டி தட்டாமல் இருக்கச் சேர்க்கும் பொருளும் இந்த அளவுக்குள் தொந்தரவு செய்யாது. ராத்திரி பதினொரு மணிக்கு மீன் திணறும்போது வீட்டில் பொடி உப்பு மட்டும்தான் இருக்கிறது என்றால் அதையே தயங்காமல் நிறுத்துப் போடுங்கள்.

இந்துப்பு, எப்சம் உப்பு, கடல் மீன் உப்பு?

இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான், விலைதான் கூடுதல். எப்சம் உப்பு வேறு பொருள்: மக்னீசியம் சல்பேட், பழைய மருந்துக் கடைகளில் பேதி உப்பு என்று கேட்டால் தருவார்கள். வயிறு கட்டிய கோல்டு ஃபிஷ்ஷுக்கு அது உதவும். வெள்ளைப்புள்ளி நோய்க்கோ, புதுத் தொட்டியில் ஏறும் நைட்ரைட் விஷத்துக்கோ (இரண்டும் கீழே வரும்) உதவாது. கடல் மீன் தொட்டிக்கான கலவை உப்பில் கால்சியம், மக்னீசியம், பைகார்பனேட் எல்லாம் உண்டு. அதைப் போட்டால் தண்ணீரின் கடினத்தன்மையும் பிஎச்சும் ஏறும். உவர்நீரில் வாழும் பச்சைப் புள்ளிப் பஃபர் போன்ற மீன்களுக்கு அந்தக் கலவைதான் சரி, கல் உப்பு போதாது.

எவ்வளவு போட வேண்டும்?

மூன்று அளவுகளை மனதில் வைத்துக்கொண்டால் போதும். பயணக் களைப்பு, சின்னக் காயம் இவற்றுக்கு லிட்டருக்கு 1 கிராம். ஒட்டுண்ணி சிகிச்சைக்கு லிட்டருக்கு 2 முதல் 3 கிராம். தனிப் பாத்திரத்தில் சில நிமிடக் குளியலுக்கு லிட்டருக்கு 10 கிராமும் அதற்கு மேலும். கடல் தண்ணீர் லிட்டருக்கு 35 கிராம், ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

எல்லோரும் சறுக்குவது தொட்டியின் கொள்ளளவில். "2 அடி தொட்டி, 56 லிட்டர்" என்று சொல்லி விற்பார்கள். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் என்றால் 2 கன அடி, அது 56 லிட்டர்தான். ஆனால் மேலே ஒன்றரை அங்குலம் காலி விடுகிறோம், கீழே 2 அங்குலம் கூழாங்கல், நடுவில் ஒரு பொம்மைக் கோட்டை. உண்மையில் நிற்பது 43 லிட்டரோ 45 லிட்டரோதான். ஒரே ஒரு தடவை, தொட்டியைக் கழுவி மறுபடி நிரப்பும் நாளில், அளவு தெரிந்த குடத்தால் எண்ணி ஊற்றி, அந்த எண்ணைத் தொட்டியின் பக்கவாட்டில் மார்க்கரால் எழுதி வையுங்கள். என் தொட்டியில் "44" என்று எழுதி இருக்கிறது. வீட்டுக்கு வருபவர்கள் அது என்ன நம்பர் என்று கேட்காமல் போவதில்லை.

தராசு இல்லை. ஸ்பூன் கணக்கில் சொல்லுங்களேன்.

பொடி உப்பு, தலை தட்டிய ஒரு டீஸ்பூன் சுமார் 6 கிராம். கல் உப்புக்கு ஸ்பூன் கணக்கு சரிவராது, கல்லின் அளவைப் பொறுத்து மாறும். ஒரு கிலோ பாக்கெட் முழுவதையும் ஒரே மாதிரியான பத்துக் கிண்ணங்களில் சமமாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 100 கிராம், தராசு இல்லாதவருக்கு இதுவே கிட்டத்தட்ட சரி.

நேரடியாகத் தொட்டியில் போட்டுவிடலாமா?

கூடாது. கல் உப்பு அடியில் போய் உட்கார்ந்து மெதுவாகக் கரையும். அந்த இடத்தில் தண்ணீர் கடலைவிட உப்பாக இருக்கும். அடியில் மேயும் கெளுத்தி வகைகள் சோற்றுப் பருக்கை என்று நினைத்து வாயை வைத்துப் பார்க்கும், இல்லாவிட்டால் அதன் மேலேயே படுத்துக்கொள்ளும். வயிற்றுத் தோல் வெந்து சிவந்துபோன ஒரு கோரியை (கோரிடோராஸ் என்ற சின்னக் கெளுத்தி) நான் பார்த்திருக்கிறேன்.

தொட்டித் தண்ணீரையே ஒரு மக்கில் எடுத்து, முழுக்கக் கரைத்து, ஃபில்டர் தண்ணீர் வந்து விழும் இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். 3 கிராம் அளவு வரை போக வேண்டுமானால் ஒரே மூச்சில் வேண்டாம்: இன்று காலை ஒரு பங்கு, மாலை ஒரு பங்கு, நாளைக் காலை ஒரு பங்கு.

தண்ணீர் வற்றினால் மறுபடி உப்பு சேர்க்க வேண்டுமா?

இந்த ஒரு கேள்விக்காகத்தான் நான் எழுத உட்கார்ந்தேன் என்றே சொல்லலாம். தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. மே மாதச் சென்னையில் மூடியில்லாத 2 அடி தொட்டி ஒரு வாரத்தில் இரண்டு விரற்கடை இறங்கிவிடும். அந்தக் குறையை உப்பு போடாத தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும். தண்ணீரை வெளியே எடுத்து மாற்றும்போது மட்டும், எடுத்த அளவுக்கான உப்பைப் புதுத் தண்ணீரில் சேர்க்க வேண்டும். 45 லிட்டர் தொட்டியில் லிட்டருக்கு 3 கிராம் இருக்கும்போது 15 லிட்டர் மாற்றினால், போனது 45 கிராம். திரும்பச் சேர்ப்பதும் 45 கிராம்தான், 135 இல்லை.

ஆரம்ப காலத்தில் எனக்கு இது தெரியாது. வாரா வாரம் வற்றியதை நிரப்பும்போதெல்லாம் ஒரு ஸ்பூன், "பாதுகாப்புக்காக". நான்கு மாதம் கழித்து நண்பர் ஒருவர், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டரோடு வந்தார். குழாய்த் தண்ணீர் 600 காட்டியது, தொட்டி 3,900. நியான் டெட்ராக்கள் ஏன் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின என்பது அப்போதுதான் புரிந்தது. அதுவரை பாவம், ஏஞ்சல் மீன்தான் தின்கிறது என்று அதன் மேல் பழி போட்டுக்கொண்டிருந்தேன்.

உப்பை எப்படி வெளியே எடுப்பது? கார்பன் போட்டால் போகுமா?

கார்பனில் போகாது, ஃபில்டரில் போகாது, வெயிலில் போகாது. தண்ணீரை மாற்றினால்தான் போகும். மூன்றில் ஒரு பங்கு மாற்றினால் 3 கிராம் 2 ஆகும், அடுத்த முறை 1.3, அதற்கடுத்து 0.9. இரண்டு மூன்று நாள் இடைவெளியில் இப்படி இறக்கினால் மீனுக்கும் அதிர்ச்சி இருக்காது.

மீன் உடம்பில் ரவை தூவியது போல வெள்ளைப் புள்ளிகள். உப்பு போதுமா?

பெரும்பாலும் போதும், பொறுமை இருந்தால். சென்னையில் இந்தக் கேள்வி டிசம்பர், ஜனவரியில்தான் அதிகம் வரும். பகலில் 28 டிகிரியில் இருந்த தொட்டி மார்கழி விடியலில் சடாரென்று இறங்கும்போது, புது மீனோடு வந்த ஒட்டுண்ணி கிளம்பிவிடும்.

இந்த 'இக்' ஒட்டுண்ணிக்கு மூன்று பருவம் உண்டு. முதல் பருவத்தில் அது மீனின் தோலுக்கு அடியில் புதைந்து தின்றுகொண்டிருக்கும், நாம் பார்க்கும் வெள்ளைப் புள்ளி அதுதான். அங்கே அதை உப்பும் தொடாது, எந்த மருந்தும் தொடாது. தின்று முடித்ததும் மீனிலிருந்து கழன்று அடித்தரையில் விழுந்து, உறை கட்டிக்கொண்டு உள்ளேயே நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரியும். அப்போதும் அது பத்திரமாக இருக்கிறது. உறை வெடித்து அந்தக் குஞ்சுகள் அடுத்த மீனைத் தேடி நீந்துகிற ஒன்றிரண்டு நாள்தான் நமக்குக் கிடைக்கும் நேரம். அந்த நேரத்தில் தண்ணீரில் உப்பு காத்திருக்க வேண்டும். "மூணு நாள் போட்டேன், புள்ளி போகலை, நிறுத்திட்டேன்" என்பவர்கள் சரியாகத் தப்பான நேரத்தில் நிறுத்துகிறார்கள்.

நான் செய்வது இப்படி: இரண்டு நாளில் படிப்படியாக லிட்டருக்கு 3 கிராம். ஹீட்டர் இருந்தால் சில மணி நேரத்துக்கு ஒரு டிகிரி என்று ஏற்றி 29, 30 டிகிரிக்குக் கொண்டுபோய் நிறுத்துவது. சூடு ஒட்டுண்ணியைக் கொல்வதற்காக அல்ல, அதன் வாழ்க்கைச் சுழற்சியை வேகப்படுத்தி, நீந்தும் பருவத்துக்குச் சீக்கிரம் இழுத்து வருவதற்காக. 25 டிகிரியில் ஒரு வாரம் எடுக்கும் சுற்று, 30 டிகிரியில் மூன்று நான்கு நாளில் முடியும். ஊட்டி, கொடைக்கானல் குளிரில் ஹீட்டர் இல்லாமல் இருந்தால் அதே சுற்று வாரக்கணக்கில் இழுக்கும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, அதனால் ஏர் பம்ப்பை இரவு பகலாக ஓட விடுங்கள். கோல்டு ஃபிஷ் மட்டும் இருக்கும் தொட்டியை இவ்வளவு சூடாக்க வேண்டாம், 26 டிகிரியில் கூடுதல் நாள் வைத்தால் போதும். இரண்டு நாளைக்கு ஒரு தடவை கூழாங்கல்லைச் சைஃபன் போட்டு உறிஞ்சினால் உறைகளில் ஒரு பங்கு வெளியே போய்விடும்.

முதல் மூன்று நாள் புள்ளிகள் கூடவும் செய்யும், பதற வேண்டாம், அவை ஏற்கெனவே தோலுக்குள் நுழைந்துவிட்டவை. கடைசிப் புள்ளி மறைந்த பிறகு இன்னும் ஐந்தாறு நாள் உப்பு இருக்கட்டும். மொத்தம் 10 முதல் 14 நாள் ஆகும்.

நோயுள்ள மீனை மட்டும் தனி டப்பாவில் எடுத்து உப்பு போட்டால் போதாதா?

காயத்துக்குப் போதும். வெள்ளைப்புள்ளிக்குப் போதாது, ஏனென்றால் பாதி எதிரி தொட்டியின் கல்லுக்கடியில் இருக்கிறான். ஒன்று, தொட்டி முழுவதுக்கும் சிகிச்சை. இல்லையேல் எல்லா மீனையும் வெளியே எடுத்து டப்பாவில் சிகிச்சை செய்து, தொட்டியை மீனே இல்லாமல் வெதுவெதுப்பாக இரண்டு வாரம் ஓட விடுவது. பிடிக்க மீன் கிடைக்காத குஞ்சுகள் தாமாகச் செத்துவிடும். செடி நிறைய வைத்திருப்பவர்களுக்கு இரண்டாவது வழிதான் நல்லது.

புதுத் தொட்டி, மூன்றாவது வாரம். மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. உப்பு உதவுமா?

உதவும். உப்பின் உண்மையான அற்புதம் என்று நான் நினைப்பது இதைத்தான், ஆனால் கடையில் யாரும் இதைச் சொல்வதில்லை.

புதுத் தொட்டியில் மீனின் கழிவு முதலில் அம்மோனியா ஆகும். அதை ஒருவகை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும் அடுத்த வகை நுண்ணுயிர்கள் பெருகுவதற்குச் சில வாரம் பிந்தும். அந்த இடைவெளியில் நைட்ரைட் ஏறிக்கொண்டே போகும். அது ரத்தத்தில் நுழைந்தால் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் ஆகிவிடும். ரத்தம் சிவப்பு மாறி காப்பி டிகாக்ஷன் நிறத்துக்கு வரும், செவுளைத் தூக்கிப் பார்த்தாலே பழுப்பு தெரியும். தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தும் மீன் மூச்சுத் திணறும்.

நைட்ரைட் உள்ளே நுழையும் வழி, செவுளில் குளோரைடை உள்ளே இழுக்கும் அதே வாசல்தான். வாசல் ஒன்று, வருபவர் இருவர். தண்ணீரில் குளோரைடு நைட்ரைட்டைப் போல 10 மடங்கு இருந்தால் வாசலை அதுவே அடைத்துக்கொள்ளும், நைட்ரைட்டுக்கு இடம் கிடைக்காது. கெளுத்தி வளர்க்கும் குளங்களில் இந்தக் கணக்கு வெகுகாலமாக நடைமுறையில் இருக்கிறது.

இதற்கு எவ்வளவு உப்பு வேண்டும் தெரியுமா? உப்பின் எடையில் 60 சதவீதம் குளோரைடு. 10 லிட்டருக்கு 1 கிராம் போட்டால் லிட்டருக்கு 60 மில்லிகிராம் குளோரைடு. அது 5 மில்லிகிராம் நைட்ரைட் வரை தாங்கும், பல வீட்டு டெஸ்ட் கிட்டுகளின் உச்சக் கோடே அதுதான். அதாவது 45 லிட்டர் தொட்டிக்கு ஒரு டீஸ்பூன் பொடி உப்புகூட வேண்டாம். இவ்வளவு சின்ன அளவு டெட்ராவையும் செடியையும் ஒன்றும் செய்யாது. உடனே மூன்றில் ஒரு பங்கு தண்ணீரையும் மாற்றுங்கள், தீனியைப் பாதியாகக் குறையுங்கள். உப்பு நைட்ரைட்டை அகற்றுவதில்லை, மீனுக்குள் போகாமல் தடுக்கிறது. அம்மோனியாவுக்கு இந்தத் தடை செல்லாது.

வேறு எதற்கெல்லாம் உப்பு வேலை செய்யும்?

காயத்தின் மேல் பஞ்சு மாதிரி படரும் பூஞ்சைக்கு நல்லது. வாயைச் சுற்றி வெள்ளையாக அரிப்பது பல சமயம் பூஞ்சை கிடையாது, பாக்டீரியா. உப்பு அதைக் கொஞ்சம் தாமதப்படுத்தும், தீர்க்காது. கண்ணுக்குத் தெரியும் நங்கூரப் புழு, மீன் பேன் இரண்டும் உப்புக்கு அசைந்துகொடுப்பதில்லை. குடல் புழுவுக்குப் பயனில்லை. வயிறு வீங்கிச் செதிலெல்லாம் அன்னாசிப்பழம் போலச் சிலிர்த்து நிற்கிறது என்றால் சிறுநீரகம் கைவிட்டுவிட்டது என்று பொருள். அந்த நிலையில் உப்பு போட்டுக் காப்பாற்றியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

உப்புக் குளியல் என்கிறார்களே, அது எப்படி?

தொட்டித் தண்ணீரை ஒரு டப்பாவில் 5 லிட்டர் எடுத்து 50 கிராம் உப்பைக் கரைத்து, ஏர் ஸ்டோன் போட்டு, கோல்டு ஃபிஷ், மோலி போன்ற கெட்டியான மீனை 5 முதல் 10 நிமிடம் விடுவது. மீன் ஒருபக்கமாகச் சாய்ந்தால் அந்த நொடியே எடுத்துப் பழைய தண்ணீரில் விட வேண்டும், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. லிட்டருக்கு 30 கிராம் குளியல் பண்ணைக்காரர்கள் செய்வது. நொடிக் கணக்கில் நடக்கும் வேலை, கைப்பழக்கம் இல்லாதவர்களுக்கு வேண்டாம். போன் அடிக்கிறது என்று எழுந்து போகிற வீட்டில் எந்தக் குளியலும் வேண்டாம்.

எந்த மீன்களுக்கு ஆகாது?

மோலி, கப்பி, பிளாட்டி, கோல்டு ஃபிஷ் தாராளமாகத் தாங்கும். ஃபைட்டரும் 1, 2 கிராமுக்குக் கவலைப்படாது. அமேசான் பக்கத்து மென்னீரில் பரிணமித்த நியான், கார்டினல் டெட்ராக்கள், செதில் இல்லாத கெளுத்திகள், கோரிகள், நம்மூர் அயிரைக்கு உறவான லோச் வகைகள் இவற்றுக்கு லிட்டருக்கு 1 கிராமோடு நிறுத்திக்கொள்வேன். நோய்க்கு அது போதவில்லை என்றால் வெப்பத்தையும் வேறு மருந்தையும் நம்புவேன்.

ஆப்பிள் நத்தைகள் ஓட்டை மூடிக்கொண்டு படுத்துவிடும், எடுத்துத் தனியாக வையுங்கள். ஜாவா ஃபெர்னும் ஜாவா பாசியும் சிகிச்சை அளவைத் தாங்கிவிடும். மெல்லிய இலைச் செடிகள் பத்து நாளில் கூழாகிவிடும். கூழாகிற இலை மறுபடி அம்மோனியா.

என் வீட்டில் போர்வெல் தண்ணீர், டிடிஎஸ் 1,400. இன்னும் உப்பு போடலாமா?

சாதாரண நாளில் போடவே வேண்டாம். கடலோரப் பகுதிப் போர்வெல்லில் லிட்டருக்கு 250 மில்லிகிராம் குளோரைடு இருப்பது சர்வசாதாரணம். குடிநீருக்கான இந்தியத் தர அளவே அதுதான். மேலே சொன்ன நைட்ரைட் காப்பு உங்களுக்கு இலவசமாகவே வந்துவிட்டது. சிகிச்சைக்குப் போடும்போது டிடிஎஸ் மீட்டரை வைத்தே சரிபார்க்கலாம்: லிட்டருக்கு 1 கிராம் உப்பு ஏறக்குறைய 1,000 கூட்டும், சில மீட்டர்களில் 1,400 வரை. உப்பு போடுவதற்கு முன்னால் காட்டிய எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், முழு எண் முக்கியமில்லை, கூடியது எவ்வளவு என்பதுதான் கணக்கு.

எங்கள் அபார்ட்மெண்ட்டில் சாஃப்ட்னர் இருக்கிறது. அதற்கு மூட்டை மூட்டையாகக் கல் உப்பு போடுகிறார்களே?

அது சாஃப்ட்னருக்குள் இருக்கும் ரெசினைக் கழுவுவதற்கு. வீட்டுக்கு வரும் தண்ணீரில் கால்சியம் போய்ச் சோடியம் வந்திருக்கும், குளோரைடு கூடியிருக்காது. உப்புச் சிகிச்சைக் கணக்கில் அதைச் சேர்க்க வேண்டாம்.

ஆர்ஓ தண்ணீரில் சத்து இல்லை என்று உப்பு போடுகிறேன். சரியா?

ஆர்ஓவில் போனது பெரும்பாலும் கால்சியமும் மக்னீசியமும் பைகார்பனேட்டும். நீங்கள் போடுவது சோடியமும் குளோரைடும். போனது வேறு, வந்தது வேறு. மோலி ஒரே இடத்தில் நின்று உடம்பை ஆட்டிக்கொண்டிருந்தால் பலர் உப்பு போடுகிறார்கள், அதற்கு வேண்டியது பெரும்பாலும் கடினமான தண்ணீர். ஆர்ஓவோடு போர்வெல் தண்ணீரைக் கலந்து கொடுத்துப் பாருங்கள். உப்பு பிஎச்சையும் மாற்றாது, கடினத்தன்மையையும் மாற்றாது.

உப்பு போட்டால் குழாய்த் தண்ணீரின் குளோரின் போய்விடுமா?

போகாது. குளோரின் வேறு, குளோரைடு வேறு. குளோரினுக்குக் கடையில் 'ஆன்டி குளோர்' என்று தரும் ஹைப்போ, அதாவது சோடியம் தயோசல்பேட். அதுவும் பார்ப்பதற்கு அச்சு அசல் கல் உப்பு மாதிரியே இருக்கும், அதனால் இரண்டையும் ஒரே மாதிரி டப்பாவில் வைக்காதீர்கள், சமையலறைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

ஃபில்டரில் சியோலைட் கல் இருக்கிறது, பரவாயில்லையா?

பரவாயில்லை என்று விட முடியாது, உப்பு போடும் முன் அதை வெளியே எடுங்கள். சியோலைட் அம்மோனியாவைப் பிடித்து வைத்திருக்கும். உப்புத் தண்ணீர் பட்டால் சோடியத்தை வாங்கிக்கொண்டு, பிடித்து வைத்ததைத் தண்ணீரிலேயே விட்டுவிடும். உப்பு போட்ட மறுநாள் மீன் கூட்டமாகச் செத்தது என்று வரும் கதைகளில் சிலவற்றுக்கு இதுதான் காரணமாக இருக்கும் என்பது என் சந்தேகம்.

தவறுதலாக நிறையப் போட்டுவிட்டேன். மீன் தள்ளாடுகிறது.

மொத்தத் தண்ணீரையும் கொட்டாதீர்கள். அதே சூட்டில் இருக்கும் குளோரின் நீக்கிய தண்ணீரால் கால் பங்கு மாற்றுங்கள், ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு கால் பங்கு. கரையாத கல் அடியில் இருந்தால் முதலில் அதைச் சைஃபனால் உறிஞ்சி எடுங்கள். காற்று நன்றாக ஓடட்டும், அன்று தீனி வேண்டாம்.

தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரை மாடித் தோட்டத்துக்கு ஊற்றுவேன். இப்போது ஊற்றலாமா?

உப்பு இல்லாத நாளில் கறிவேப்பிலைக்கு அதைவிட நல்ல உரத் தண்ணீர் கிடையாது. சிகிச்சை நடக்கும் இரண்டு வாரமும், முடிந்தபின் வரும் மூன்று நான்கு தண்ணீர் மாற்றங்களும் கழிவறைக்குப் போகட்டும். செடித் தொட்டியில் மண் கொஞ்சம்தான், உப்பு அங்கேயும் ஆவியாகாது. எங்கள் வீட்டில் ஒரு ரோஜாச் செடி இலை ஓரம் கருகி நின்றபோது அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

மீன் குஞ்சுகளுக்குத் தீனியாக ஆர்ட்டீமியா (உப்புநீரில் வாழும் நுண்ணிறால்) முட்டை பொரிக்கக் கல் உப்பு ஆகுமா?

ஆகும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம், தலைகீழாக வெட்டிய பிளாஸ்டிக் பாட்டில், அடியிலிருந்து வேகமாகக் காற்று, 28 டிகிரி. ஒன்று, ஒன்றரை நாளில் ஆரஞ்சு நிறப் புள்ளிகள் துள்ள ஆரம்பிக்கும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து, கீழே கூடும் குஞ்சுகளை மெல்லிய துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசி, பிறகு கொடுங்கள். அந்த உப்புத் தண்ணீரைத் தொட்டியில் கவிழ்த்துவிடாதீர்கள்.